ஈர மணலும் மெட்டல் டிடெக்டரும்: கடற்கரைக்கு முதல் கருவி வாங்குவோருக்கு

மெட்டல் டிடெக்டரோடு நாகப்பட்டினம் கடற்கரையில் பத்து நிமிடம் நடந்தால் போதும், யாராவது பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவராக இருக்கலாம், சுண்டல் விற்கும் பையனாக இருக்கலாம். கேள்வி ஒன்றேதான்.

"தம்பி, இது எத்தன அடி ஆழம் எடுக்கும்?"

"மோதிரம்னா ஒரு சாண் எடுக்கும்ணே. மணல் நல்லாருந்தா கொஞ்சம் கூட."

"அவ்ளோதானா?"

கருவி வாங்க நினைக்கிறவர்களும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். கடையில் இருப்பவரும் ஆழத்தைச் சொல்லியே விற்கிறார். உப்புக் கரையில் ஆழம் கடைசியாகக் கேட்க வேண்டிய விஷயம். முதலில் கேட்க வேண்டியது வேறு: ஈரமான உப்பு மணலை இந்தக் கருவி எப்படிச் சமாளிக்கிறது?

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் கருவியை வாங்கும்போது பெட்டியில் 'தண்ணீர் புகாது' என்று போட்டிருந்தது. அதை நம்பி வாங்கினேன். வீட்டுக் கொல்லையில் அருமையாக வேலை செய்தது. தென்னை மரத்தடியில் கிடந்த பழைய ஆணியைக்கூடக் காட்டியது. அக்கரைப்பேட்டைப் பக்கம் அலைவாய்க்கரைக்குக் கொண்டுபோனதும் ஓயாமல் கத்தத் தொடங்கியது. கீழே ஒன்றுமில்லை, வெறும் மணல். பழுதென்று நினைத்துத் திருப்பி அனுப்பினேன். பழுதில்லை என்று திரும்பி வந்தது. பழுதில்லை என்பது உண்மைதான். அது ஏன் கத்தியது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து தொடங்குவோம்

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் பாத்திரத்தின் அடியில் பட்டதும், பாத்திரத்துக்குள் சின்னச் சின்ன வட்டங்களாக மின்சாரம் சுழல்கிறது. இதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். பாத்திரம் சுடுவது அதனால்தான். மண்சட்டியை வைத்தால் ஒன்றும் ஆகாது, மண்ணில் மின்சாரம் ஓடாது.

மெட்டல் டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத்தட்டும் அப்படியொரு சுருள்தான். காயில் என்பார்கள். அது மிக மெல்லிய காந்தப்புலத்தை மணலுக்குள் அனுப்புகிறது. கீழே மோதிரம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்தச் சுழல் தானும் ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கித் திருப்பி அனுப்புகிறது. தட்டுக்குள் இருக்கும் இரண்டாவது சுருள் அதைக் கேட்டுச் சொல்கிறது. அடுப்புக்குக் காது வைத்தது போல.

இதன் மூலக் கொள்கையை ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிய குண்டைத் தேடத் தொலைபேசி புகழ் கிரகாம் பெல் இப்படியொரு கருவியைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்று பின்னால் தெரிந்தது. கருவி சரியாக இருந்தும் சுற்றியிருந்த பொருள் அதன் காதை அடைத்துவிட்டது. நம் கடற்கரையில் அந்தப் படுக்கையின் இடத்தில் உப்புத்தண்ணீர் இருக்கிறது.

ஆழத்தை ஏன் காசால் கூட்ட முடியாது

காயிலிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் தூரம் கூடக் கூட மிக வேகமாகத் தேய்கிறது. தட்டின் அகலத்தைத் தாண்டிய பிறகு, தூரம் இரட்டிப்பானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். மோதிரத்திலிருந்து திரும்பும் புலமும் அதே தூரத்தைக் கடக்கிறது, அதுவும் எட்டில் ஒரு பங்காகிறது. போக எட்டு, வர எட்டு. ஆக ஆழம் இரட்டிப்பானால் காதில் விழும் சத்தம் 64-இல் ஒரு பங்கு.

ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் மோதிரத்தைக் காட்டும் கருவி அதையே இரண்டு சாணில் காட்ட வேண்டுமென்றால் 64 மடங்கு கூர்மையான காது வேண்டும். எந்த விலைக்கும் அது கிடைக்காது. நல்ல கருவிக்கும் சுமாரான கருவிக்கும் உலர்ந்த மணலில் இரண்டு மூன்று விரற்கடைதான் வித்தியாசம். ஈர உப்பு மணலில் அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாகிவிடுகிறது.

உப்பு என்ன செய்கிறது

வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் அளவில் உப்பு கரைந்திருக்கிறது. கரைந்த உப்பு மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்துவிடுகிறது. அதனால் கடல்நீரில் மின்சாரம் ஓடும். பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பாகப் பூத்து உலர்ந்துவிட்டால் ஓடாது. ஈரமும் உப்பும் சேர்ந்தால்தான் சிக்கல்.

கடற்கரையும் அப்படியே. படகு ஏற்றி வைத்திருக்கும் மேட்டு மணல் உலர்ந்தது. அங்கே எந்தக் கருவியும் அமைதியாக இருக்கும். அலை வந்து தொட்டுவிட்டுப் போகும் ஈர மணலில் இறங்கியதும், தட்டுக்குக் கீழே இருக்கும் மொத்த மணலிலும் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது.

செம்பு கடல்நீரைவிட ஒரு கோடி மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். அப்படியிருக்க உப்புத்தண்ணீர் எப்படி ஒரு மோதிரத்தை மறைக்கும்? அளவுதான் காரணம். மோதிரம் நாலு கிராம். தட்டுக்கு அடியில் இருக்கும் ஈர மணலோ கிலோக் கணக்கில். நூறு பேர் மெதுவாக முணுமுணுத்தால் நடுவில் ஒருவர் கூப்பிடுவது கேட்காதில்லையா, அதுபோல. இதில் இன்னொரு தொல்லை, உப்பு மணலின் முணுமுணுப்பும் மெல்லிய தங்கத்தின் குரலும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும்.

நம் கரைக்கென்று சில குணங்கள் உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் கடல் பல நூறு அடி பின்வாங்கி, பரந்த ஈரத் திடலில் ஆட்கள் நிதானமாகத் தேடுவதைப் பார்க்கிறோம். சோழமண்டலக் கரையில் ஏற்றவற்றம் குறைவு, கடல்மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்குவதில்லை. அதனால் நமக்குக் கிடைக்கும் ஈரப் பட்டை குறுகியது, அதிலும் அலை வந்துகொண்டே இருக்கும். கருவியை வீசிக்கொண்டிருக்கும்போதே தட்டின் மேல் தண்ணீர் ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் உப்பின் அளவு மாறும், கருவி கத்தும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீர் கலந்து கரையோரக் கடலின் உப்பு குறைகிறது. சித்திரையில் சரியாக இருந்த அமைப்பு கார்த்திகையில் சரியாக இருக்காது.

அடுத்து கருமணல். அலை ஒதுங்கும் இடத்தில் கறுப்புக் கோடுகளாகப் படிந்திருக்குமே, அதில் காந்தம் ஒட்டும் மேக்னடைட் துகள்கள் இருக்கும். அவை மின்சாரத்தைச் சுழலவிடுவதில்லை, காந்தப்புலத்தையே வளைக்கின்றன. உப்பின் குரல் ஒரு சுருதி என்றால் இது வேறு சுருதி.

எண்ணெய்க் கடைத் தராசு

எண்ணெய் வாங்கப் போகும்போது கடைக்காரர் முதலில் வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து, அதன் எடையைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் எண்ணெய் ஊற்றுவார். டிடெக்டரிலும் அந்த வசதி உண்டு. கிரவுண்ட் பேலன்ஸ் என்பார்கள். வெறும் மணலின் குரலைக் கருவிக்குக் கேட்கவைத்து, 'இதைக் கழித்துக்கொள்' என்று சொல்வது.

சாதாரணக் கருவியால் ஒரே ஒரு பாத்திரத்தைத்தான் கழிக்க முடியும். கடற்கரையில் உப்பு, கருமணல் என்று இரண்டு பாத்திரங்கள் இருக்கின்றன. அடிக்கு அடி அவற்றின் அளவும் மாறுகிறது. உப்பைக் கழித்தால் கருமணல் கத்தும், கருமணலைக் கழித்தால் உப்பு கத்தும்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: கருவி உலோகத்துக்குள் மின்சாரத்தைச் சுழலவைத்து அதன் எதிரொலியைக் கேட்கிறது. ஈர உப்பு மணலிலும் மின்சாரம் சுழலும் என்பதால் அதுவும் உலோகம் போலவே கேட்கும். கருமணலும் சேர்ந்தால் ஒரே கழித்தலில் இரண்டையும் அடக்க முடியாது. வாங்க வேண்டிய கருவி இந்தச் சிக்கலை அவிழ்ப்பதாக இருக்க வேண்டும்.

மூன்று வழிகள்

முதல் வழி ஒற்றை அதிர்வெண் கருவி. அதிர்வெண் என்பது காந்தப்புலம் ஒரு நொடியில் எத்தனை முறை மாறுகிறது என்ற கணக்கு. இந்தக் கருவிகள் பெரும்பாலும் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு மூவாயிரம் முதல் முப்பதாயிரம் முறைக்குள் ஏதோ ஒன்றில் வேலை செய்யும். விலை குறைவு. வயல்வெளிக்கும் உலர் மணலுக்கும் போதும். சிலவற்றில் 'பீச்' என்று ஓர் அமைப்பு இருக்கும். அது உப்பின் குரலை அடக்குவதற்காகக் கருவியின் காதையும் சேர்த்து மந்தமாக்குகிறது. ஈர மணலில் சமாளிக்கலாம், திருப்தி இருக்காது.

இரண்டாவது, மல்டி ஃப்ரீக்வென்சி கருவி. பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் பயன்படுத்துவது. கும்பகோணத்தில் பட்டுப்புடவை எடுக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கடைக்குள் டியூப்லைட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் ஒருமுறை பார்க்கிறார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு புடவைகள் இன்னொரு வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரிந்துவிடும். கருவி செய்வதும் இதுதான். அதிர்வெண் கூடினால் உப்பின் குரலும் அதே விகிதத்தில் கூடும். கருமணலின் குரல் கிட்டத்தட்ட மாறாது. மோதிரம் இரண்டு மாதிரியும் இல்லாமல் தன் வழியில் மாறும். இந்த வேறுபாட்டை வைத்துக் கணக்குப் போட்டு உப்பு, கருமணல் இரண்டையும் கழித்துவிடலாம். பதிலுக்கு ஓர் இழப்பும் உண்டு: உப்பு மாதிரியே குரல் கொடுக்கும் மிகச் சிறிய தங்கத் துணுக்குகள், மூக்குத்தித் திருகு போன்றவை, கழித்தலோடு சேர்ந்து போய்விடலாம்.

இந்த முறை புதிதல்ல, 1990-களிலேயே வந்துவிட்டது. 2018-இல் மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் வந்த பிறகு நடுத்தர விலைக்கும் இறங்கியது. நோக்டா லெஜண்ட் போன்றவை அதன் பின்னால் வந்தவை.

மூன்றாவது, பல்ஸ் இண்டக்‌ஷன். கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டுக் காதைக் கொடுங்கள், ஓசை நெடுநேரம் நிற்கும். மண்பானையைத் தட்டினால் 'டொக்' என்று அப்போதே அடங்கிவிடும். இந்தக் கருவி காந்தப்புலத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்துகிறது. பிறகு ஒரு கணம் பொறுத்துவிட்டுக் கேட்கிறது. உப்புத்தண்ணீரில் சுழலும் மின்சாரம் சில மைக்ரோ நொடிகளில் அடங்கிவிடும். மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உலோகத்தில் அது கொஞ்சம் நீடிக்கும். பத்துப் பதினைந்து மைக்ரோ நொடி பொறுத்துக் கேட்டால் உப்பு மௌனமாகியிருக்கும், மோதிரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். கருமணலும் பெரும்பாலும் தொல்லை தராது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கீழே இருப்பது இரும்பா தங்கமா என்று இந்த வகைக் கருவிகள் நம்பும்படி பிரித்துச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். நாகைக் கரையில் இது பெரிய விஷயம். 2004 சுனாமி இந்தக் கரையில் வீடுகளையும் படகுகளையும் நொறுக்கியது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கூரைத் தகடுகளைப் பிய்த்து எறிந்தது. ஆணியும் தகடும் கம்பியும் மணலுக்குள் இன்னும் கிடக்கின்றன. பல்ஸ் கருவியோடு இங்கே ஒரு காலைப்பொழுது போனால் கை நிறைய ஆணிதான் வரும்.

அதனால் என் கருத்து தெளிவானது. இந்தக் கரைக்கு முதல் கருவியாக மல்டி ஃப்ரீக்வென்சி வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் ஒற்றை அதிர்வெண் கருவியை வாங்கி உலர் மணலோடு நில்லுங்கள். ஈர மணலில் அதோடு போராடி மனம் நொந்து கருவியைப் பரணில் போடுவதைவிட அது நல்லது.

தண்ணீர் புகாதது வேறு, உப்பைத் தாங்குவது வேறு

நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் தனியாகச் சொல்கிறேன். 'வாட்டர் ப்ரூஃப்' என்றால் உள்ளே தண்ணீர் போகாது, அவ்வளவே. உப்பு மணலில் அமைதியாக இருக்கும் என்று அதற்குப் பொருளில்லை. மூன்று மீட்டர் ஆழத்தில் மூழ்கினாலும் ஒன்றும் ஆகாத ஒற்றை அதிர்வெண் கருவிகள் இருக்கின்றன. இதற்கு நேர்மாறும் உண்டு. மைன்லேபின் வேன்க்விஷ் வரிசை மல்டி ஃப்ரீக்வென்சி, ஈர மணலில் நன்றாக வேலை செய்யும். அதில் தட்டை மட்டும்தான் தண்ணீரில் வைக்கலாம், மேலே இருக்கும் பெட்டியை நனைக்கக் கூடாது.

கணுக்கால் தண்ணீரோடு நிற்பவருக்குத் தட்டை மட்டும் நனைக்கக்கூடிய இந்த மல்டி ஃப்ரீக்வென்சி வகையே போதும், விலையும் குறைவு. முழங்காலுக்கு மேல் இறங்குவதாக இருந்தால் பெட்டியும் மூழ்கலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நம் கரையில் அலை இழுப்பு பலமானது, தனியாக இறங்காதீர்கள். எந்தக் கருவியானாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.

திரையில் வரும் எண்

கருவி ஒவ்வொரு பொருளுக்கும் திரையில் ஓர் எண் காட்டும். இரும்புக்குச் சிறிய எண், வெள்ளிக்கும் செம்புக்கும் பெரிய எண், தங்கம் நடுவில் எங்கோ. அந்த நடுவில்தான் அலுமினியத் தாளும், வலையில் கோத்த ஈயக்குண்டும் உட்கார்ந்திருக்கின்றன. மீனவர் குப்பத்தை ஒட்டித் தேடினால் பாதி நேரம் ஈயக்குண்டுதான். எண்ணை வைத்துத் தங்கத்தை மட்டும் பொறுக்க முடியாது. நடு எண் வந்தால் தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

வெளிநாட்டவர் போடும் எண் பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். அவர்களுடைய நகை 14, 18 காரட். நம்முடையது 22. கலப்பு குறையக் குறையத் தங்கம் நன்றாக மின்சாரம் கடத்தும், எண் மாறும். நம் நாணயங்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2011 வரிசை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் ஒட்டும் எஃகு. 'இரும்பைக் காட்டாதே' என்று கருவிக்குச் சொல்லிவிட்டால் அவையும் மறைந்துவிடக்கூடும்.

சங்கிலி தொலைத்தவர்கள் அழுதுகொண்டு வரும்போது இதைச் சொல்வது கடினமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். மோதிரம் முழு வட்டம், மின்சாரம் தடையில்லாமல் சுழலும், கருவி எளிதில் பிடிக்கும். சங்கிலியோ நூறு சின்னக் கண்ணிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் சரியாகப் பாயாது. கருவிக்கு அது நூறு துணுக்குகள். ஐந்து பவுன் தாலிக்கொடியைவிட அரைப் பவுன் மோதிரம் சீக்கிரம் கிடைப்பது இதனால்தான். கொடியில் கருவி பிடிப்பது பெரும்பாலும் தாலியையும் கொக்கியையும்தான். ஆகவே தொலைந்த இடத்தை வரிசை வரிசையாக, இடைவெளி விடாமல், மிக மெதுவாகத் தேட வேண்டும்.

சுருக்கமாக: எண் ஒரு குறிப்பு, தீர்ப்பல்ல. நடு எண்களைத் தோண்டாமல் தங்கம் கிடைக்காது.

தங்கத்தை மட்டும் காட்டும் கருவி கிடையாது

'அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தங்கத்தைக் காட்டும்' என்று ஆண்டெனா வைத்த கருவிகளை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். மேலே பார்த்த 64 மடங்குக் கணக்கே அதற்குப் பதில். கைப்பிடியில் ஆண்டெனாவை மட்டும் செருகி வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு இங்கிலாந்தில் 2013-இல் பத்தாண்டு சிறை விதித்தார்கள். அந்தக் கருவியை நம்பி ஈராக்கில் சோதனைச் சாவடிகள் நடந்தன. புதையல் ஆசையில் நம் ஊரில் நிலத்தை விற்றவர்களும் இருக்கிறார்கள்.

எங்கே தேடலாம், எங்கே கூடாது

இந்தக் கரை வெறும் மணல் அல்ல. தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620-இல் கோட்டை கட்டினார்கள், ஈயத்திலும் செம்பிலும் காசு அடித்தார்கள். அங்கேயே மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பூம்புகாரில் கடலுக்கடியிலும் தொல்லியல் ஆய்வு நடந்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1930-கள் வரை சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிவந்தன. அவை எங்கே, எவற்றோடு கிடைத்தன என்ற விவரம் இருப்பதால்தான் இங்கே இருந்த பௌத்த மடமான சூடாமணி விகாரையைப் பற்றி நம்மால் இவ்வளவு பேச முடிகிறது. பழங்காசை ரகசியமாக எடுத்து விற்றால் அந்த விவரம் அழிந்துபோகும். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது. கோடியக்கரை சரணாலயத்துக்குள் கருவியோடு போகாதீர்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். ஆமைத் தடம் தெரிந்தால் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். மீனவ ஊர்க் கரையில் இறங்குமுன் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த மறுநாளோ, ஆடி அமாவாசைக் குளியலுக்குப் பிறகோ, தொலைத்தவருக்குத் தேடிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று சொன்னால் உதவிக்கே ஆள் வரும்.

வாங்குமுன் ஒரு காலை

முடிந்தால் கருவியை இரவல் வாங்கியோ, ஏற்கெனவே வைத்திருப்பவரோடு போயோ கரையில் சோதித்துவிடுங்கள். ஒரு மோதிரத்தைத் தூண்டில் நரம்பில் கட்டி, நரம்பின் மறுமுனையைத் தரையில் அடித்த குச்சியில் முடிந்துகொள்ளுங்கள். முதலில் உலர் மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துத் தட்டை வீசிப் பாருங்கள். பிறகு அதே ஆழத்தில், அலை தொட்டுப் போகும் ஈர மணலில்.

ஈரத்தில் வைத்ததும் முதலில் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள். உலோகமில்லாத இடத்தில் தட்டை ஏற்றி இறக்கினால் கருவி மணலின் குரலைக் கற்றுக்கொள்ளும். உணர்திறனை முழுதாக ஏற்றாமல், வெறும் மணலில் கருவி அமைதியாகும் வரை குறையுங்கள். அலையை நோக்கி நடக்காமல் கரைக்கு இணையாக நடங்கள், தட்டு எப்போதும் ஒரே அளவு ஈரத்தில் இருக்கும். தட்டை உயர்த்தித் தாழ்த்தாமல் ஒரே உயரத்தில் வீசுங்கள்.

வலமிருந்து இடம் வீசும்போதும் இடமிருந்து வலம் வீசும்போதும் மோதிரம் ஒரே மாதிரி ஒலித்தால் அந்தக் கருவி இந்தக் கரைக்கு ஆகும். வெறும் மணலும் மோதிரமும் ஒரே மாதிரி கத்தினால் ஆகாது, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அதே இடத்தில் இந்தச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். உப்பு குறைந்த தண்ணீரில் உணர்திறனை எத்தனை புள்ளி கூட்டி வைக்கலாம் என்பது அப்போது தெரியும்.